தட்டில் இல்லாத பெயர்கள்



1940களின் பிற்பகுதியிலிருந்து 1960களின் தொடக்கம் வரை அமெரிக்காவின் பெருநகரங்களில் நூற்றுக்கணக்கான குரல்குழுக்கள் தோன்றி, அவற்றுள் பல ஓரிரு இசைத்தட்டுகளோடு மறைந்துபோயின. அந்தக் குழுக்களையும், அவற்றின் பாட்டைப் பதிவுசெய்து விற்ற சிறு நிறுவனங்களையும், இவை பற்றிய உண்மைகளைத் தேடித் திரட்டுவோர் கையாளும் வழிமுறைகளையும் விளக்குவதே இவ்வுரையின் நோக்கம். அந்தத் தேடல் முழுவதும் ஒரே ஒரு கேள்வியைச் சுற்றியே நடக்கிறது: பாடியவர் யார்?

கேட்பதற்கு எளிய கேள்வி. ஆனால் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத் தாளாகிய லேபிள், நிறுவனத்தின் பெயரைச் சொல்லும். பாட்டின் தலைப்பைச் சொல்லும். பாட்டை எழுதியதாகக் கூறிக்கொள்பவரின் பெயரைச் சொல்லும். குழுவின் பெயரையும் சொல்லும். அந்தக் குழுவில் நின்று பாடிய நான்கு அல்லது ஐந்து பேரின் பெயர்களை மட்டும் பெரும்பாலும் சொல்லாது. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள், எழுதியவர் பெயர் தெரியாத இடத்தில் பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்று பெயர் சூட்டினார்கள். பாட்டு மட்டும் கைக்கு வந்து பாடியவர் கைநழுவிப்போன அந்த நிலைதான் இங்கும் நிலவுகிறது. வேறுபாடு ஒன்று உண்டு. இந்தப் பாடகர்கள் பாடி ஈராயிரம் ஆண்டு ஆகவில்லை. எழுபது ஆண்டுதான் ஆகிறது.

முதலில் அந்த இசை எத்தகையது என்பதைப் பார்க்கவேண்டும். கருவி வாங்கப் பணமில்லாத கறுப்பின இளைஞர்கள் தெருமுனையிலும், பள்ளிக் கழிப்பறையிலும், மாடிப்படிகளுக்கு அடியிலும், எங்கே சுவர் குரலைத் திருப்பித் தருமோ அங்கே கூடிநின்று பாடிய பாட்டு அது. ஒருவர் முதன்மைக் குரலாகப் பாட்டை எடுத்துச்செல்ல, மற்றவர்கள் வெவ்வேறு சுரங்களில் ஒரே நேரத்தில் இழைந்து பின்னணி அமைக்க, அடியில் ஒரு கட்டைக் குரல் தாளக்கருவியின் வேலையைச் செய்யும். பொருளற்ற அசைகளைப் பின்னணிக் குரல்கள் அடுக்கிப் பாடுவதால் பிற்காலத்தில் இதற்கு ‘டூ-வாப்’ என்ற பெயர் நிலைத்தது. பாடிய காலத்தில் அவர்கள் அந்தப் பெயரை அறியார்கள். நியூயார்க்கில் 1946இல் தோன்றிய ரேவன்ஸ் குழுவும், பால்டிமோரிலிருந்து வந்து 1948இல் முதல் தட்டை வெளியிட்ட ஓரியோல்ஸ் குழுவும் வெற்றி கண்டபின், அண்டங்காக்கைக்கும் மாங்குயிலுக்கும் பின்னால் ஒரு பறவைக் கூட்டமே கிளம்பியது: தகைவிலானின் பெயரில் சுவாலோஸ், காகத்தின் பெயரில் குரோஸ், பூநாரையின் பெயரில் ஃபிளமிங்கோஸ், வானம்பாடியின் பெயரில் லார்க்ஸ், பிறகு பென்குவின்ஸ்.

இவர்களைப் பதிவுசெய்தவர்கள் யார்? பெரிய நிறுவனங்கள் இவர்களுள் மிகச் சிலரையே ஏற்றன. பதிவுசெய்தவர்கள் பெரும்பாலும் தட்டுக் கடைக்காரர்கள், வானொலி அறிவிப்பாளர்கள், ஜூக்பாக்ஸ் வணிகர்கள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், 125ஆம் தெருவில் தட்டுக் கடை வைத்திருந்த பாபி ராபின்சன், 1950களின் தொடக்கத்தில் ரெட் ராபின் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இண்டியானா மாநிலத்தின் கேரி நகரில் தட்டுக் கடை நடத்திய விவியன் கார்ட்டரும் ஜேம்ஸ் பிராக்கெனும் 1953இல் தொடங்கிய வீ-ஜே நிறுவனத்தின் முதல் தட்டுகளுள் ஒன்று, அவ்வூர்ப் பள்ளி மாணவர்களின் குழுவான ஸ்பேனியல்ஸ் பாடியது. சிகாகோவின் புகழ்பெற்ற வானொலி அறிவிப்பாளர் ஆல் பென்சன் பாரட், புளூ லேக் என்ற இரு பெயர்களில் தட்டு வெளியிட்டார். லாஸ் ஏஞ்சல்ஸில் டூட்சி வில்லியம்ஸ் நடத்திய டூட்டோன் நிறுவனம், ஒரு வீட்டின் கார் கொட்டகையில் பதிவுசெய்து 1954இல் வெளியிட்ட பென்குவின்ஸ் குழுவின் ‘எர்த் ஏஞ்சல்’ நாடெங்கும் ஒலித்தது.

வென்றவர்கள் கதை அது. வெல்லாதவர்களின் கதை என்ன? சில நூறு தட்டுகள் அச்சாகும். உள்ளூர் வானொலியில் இரண்டு வாரம் ஒலிக்கும். விற்பனையாளர் பணம் தராமல் இழுத்தடிப்பார். அடுத்த தட்டுக்குக் கைமுதல் இல்லாமல் நிறுவனம் மூடப்படும். பாடியவர்கள் படைக்கோ ஆலைக்கோ வேலைக்குப் போய்விடுவார்கள். நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் குப்பைக்குப் போகும். மூல ஒலிநாடாவும் அதே வழியில் போகும். எஞ்சுவது தட்டு ஒன்றுதான். ஆகவே ஆய்வாளர் தட்டிடமே கேட்கவேண்டியிருக்கிறது. தட்டு பேசுமா? பேசும், கேட்கும் முறை தெரிந்தால் பேசும்.

பாட்டின் பள்ளம் முடிந்து, ஊசி லேபிளை நெருங்கும் இடத்தில் ஒலியில்லாத வெற்று வளையம் ஒன்று இருக்கும். அந்த வளையத்தில், கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும், சில எழுத்துகளும் எண்களும் கீறப்பட்டிருக்கும். இவற்றுக்கு மேட்ரிக்ஸ் எண் என்று பெயர். முதல் தகட்டில் ஒலியைச் செதுக்கிய தொழிலாளி, அந்தத் தகடு ஆலையில் வேறு தகட்டோடு கலந்துவிடாமல் இருப்பதற்காகக் கைப்படக் கீறிய அடையாளம் அது. கல்வெட்டு ஆய்வாளர் சாய்வான ஒளியில் எழுத்தைப் படிப்பதுபோல, தட்டை விளக்கடியில் சாய்த்துப் பிடித்துத்தான் இதைப் படிக்கவேண்டும். லேபிளில் இருப்பவை வாங்குபவரைக் கருதி அச்சிடப்பட்டவை; வளையத்தில் இருப்பவை ஆலைக்குள்ளேயே புழங்குவதற்காக எழுதப்பட்டவை. இவ்விரண்டும் முரண்படும் இடத்தில் வளையத்தையே நம்பவேண்டும் என்பது இத்துறையில் கைதேர்ந்தவர்களின் துணிபு.

இதன் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த மோனார்க் என்ற தட்டு அச்சாலை, தன்னிடம் வரும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு முக்கோணத்தைக் கீறி, அதையடுத்து வரிசை எண்ணைக் கீறியது. மறுபக்கத்துக்கு அதே எண்ணோடு எக்ஸ் என்ற எழுத்தைச் சேர்த்தது. பெரிய நிறுவனமோ சிறிய நிறுவனமோ, எல்லாருடைய வேலையும் ஒரே வரிசையில்தான் எண் பெற்றது. எனவே, முகவரிகூடத் தெரியாத ஒரு சிறு நிறுவனத்தின் தட்டில் முக்கோண எண் இருந்தால், அதற்குச் சற்று முன்னும் பின்னும் எண் பெற்ற புகழ்பெற்ற தட்டுகள் எந்த மாதத்தில் வெளியாயின என்று இசை வணிக இதழ்களில் பார்த்து, தெரியாத தட்டின் காலத்தை வரையறுத்துவிடலாம். பிற நிறுவனங்களுக்காக ஆர்.சி.ஏ. விக்டரின் ஆலை அச்சிட்ட தட்டுகளில் வழி இன்னும் எளிது: எண்ணின் முதலெழுத்தே ஆண்டைக் குறிக்கும். 1955க்கு எஃப், 1956க்கு ஜி, 1957க்கு எச். ஒன்று என்ற எண்ணோடு குழம்பும் ஐ-யை விட்டுவிட்டு 1958க்கு ஜே.

லேபிளில் உள்ள முகவரியும் சான்று தரும். அமெரிக்காவின் பெரிய நகரங்களில் 1943இல் அஞ்சல் மண்டல எண்கள் வந்தன. நகரின் பெயருக்கும் மாநிலத்தின் பெயருக்கும் இடையே ஓரிலக்கமாகவோ ஈரிலக்கமாகவோ அவை எழுதப்பட்டன. 1963 ஜூலையில் அவற்றின் இடத்தை ஐந்திலக்க ஜிப் எண் பிடித்தது. ஆகவே 1954ஆம் ஆண்டின் முதல் அச்சு என்று சொல்லி விற்கப்படும் தட்டின் லேபிளில் ஐந்திலக்க எண் காணப்பட்டால், அது பிற்காலத்து மறுஅச்சு அல்லது போலி என்று அங்கேயே முடிவுகட்டலாம். போலிகள் இத்துறையைப் பிடித்த நோய். விலை ஏறிய தட்டுகளைப் பழைய லேபிளின் சாயலில் அச்சிட்டு விற்றவர்கள் பலர். 78 சுழற்சித் தட்டாக மட்டுமே வெளியான பாட்டுக்கு, முன்பு என்றுமே இல்லாத 45 சுழற்சித் தட்டைப் படைத்து விற்றவர்களும் உண்டு.

இந்த இடத்தில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு இருப்பதைச் சொல்லாமல் கடக்க முடியாது. 78 சுழற்சித் தட்டுகளின் உயிர்ப்பொருள் அரக்கு. பாரதக் கதையில் பாண்டவர்களுக்கு மாளிகை கட்டப்பட்டதே, அதே அரக்கு. அமெரிக்கா அதை இந்தியாவிலிருந்துதான் பெரிதும் வரவழைத்தது. போர் மூண்டு கடல்வழி இடர்ப்பட்டபோது, 1942 ஏப்ரலில் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம், தட்டு உற்பத்திக்குச் செலவிடும் அரக்கை எழுபது விழுக்காடு குறைக்க ஆணையிட்டது. பழைய தட்டுகளைத் திரட்டி உருக்கிப் புதிய தட்டு வார்த்தார்கள். அதில் எத்தனை பழைய குரல்கள் உருகிப்போயின என்பதை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் நாளில் இசைக்கருவிக் கலைஞர்களின் தொழிற்சங்கம் பதிவுக்கூடங்களைப் புறக்கணிக்கத் தொடங்கியது. அந்தச் சங்கத்தில் பாடகர்கள் உறுப்பினர்கள் அல்லர். ஆகவே கருவியே இல்லாமல் குரல்குழுக்களை மட்டும் வைத்து நிறுவனங்கள் பதிவு நடத்தின.

பாடகர்கள் சங்கத்தில் இல்லை என்ற இந்தச் செய்தியைச் சற்று அழுத்தமாக நினைவில் கொள்ளவேண்டும். ஏனென்றால் தட்டை விட்டுத் தாள்களை நாடும் ஆய்வாளருக்கு இதுவே பெருந்தடையாக வந்து நிற்கிறது. சங்க ஒப்பந்தப்படி நடந்த ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் ஒப்பந்தத் தாள் உண்டு. அதில் நாள் இருக்கும், இடம் இருக்கும், சாக்சபோன் வாசித்தவர் பெயர் இருக்கும், பியானோ வாசித்தவர் பெயர் இருக்கும், அவர்கள் பெற்ற கூலியும் இருக்கும். பாடியவர் யார்? அந்தத் தாளில் அதற்கு இடமே இல்லை. எந்தக் குரலுக்காகத் தட்டு விற்றதோ, அந்தக் குரலுக்குரியவரைத் தவிர அறையில் இருந்த அனைவரும் பதிவாகியிருப்பார்கள்.

அப்படியானால் வேறு எங்கே தேடுவது? பில்போர்டு, கேஷ் பாக்ஸ் ஆகிய வணிக இதழ்களின் பழைய படிகளில் தேடலாம். புதுத் தட்டுகளின் மதிப்புரைகள் அவற்றில் வாரந்தோறும் வந்தன, கறுப்பின மக்களின் இசைக்கு அதுவரை வழங்கிய ‘இனத் தட்டுகள்’ என்ற பெயரை 1949இல் பில்போர்டுதான் ‘ரிதம் அண்டு புளூஸ்’ என்று மாற்றியது. காங்கிரஸ் நூலகத்தின் பதிப்புரிமைப் பட்டியலில் தேடலாம். சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர், ஆஃப்ரோ-அமெரிக்கன் போன்ற கறுப்பினச் செய்தித்தாள்களில் வந்த கேளிக்கை விளம்பரங்களில் தேடலாம். ஒரு சிற்றூர் நடன அரங்கின் விளம்பரத்தில் குழுவின் படமும், படத்தின் கீழே நான்கு பெயர்களும் கிடைத்துவிட்டால், அந்த ஆண்டு முழுவதும் செய்த வேலைக்கு அதுவே கூலி. அதன்பின் பள்ளி ஆண்டு மலர்கள், நகர முகவரிப் புத்தகங்கள், தொலைபேசிப் புத்தகங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான சான்று மனிதர்கள். பாடியவர்களே முதிய வயதில் ஏதோ ஒரு புறநகரில் அஞ்சல்காரராகவோ பேருந்து ஓட்டுநராகவோ பணி முடித்து ஓய்ந்திருப்பார்கள். கதவைத் தட்டிக் கேட்பவர்தான் வேண்டும். 1970களில் பில் கிரோயா நியூயார்க்கின் தெருமுனைக் குழுக்களைப் பற்றி எழுதிய நூலும், 1996இல் ராபர்ட் புரூட்டர் சிகாகோவின் குழுக்களைப் பற்றி எழுதிய நூலும், மார்வ் கோல்ட்பர்க் பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு குழுவாக எடுத்து எழுதிவரும் கட்டுரைகளும் இவ்வாறு கேட்டுப் பெற்ற வாய்மொழிகளின்மேல் எழுந்தவை. ஃபெர்டி கோன்சாலஸ் 1977இல் வெளியிட்ட ‘டிஸ்கோ-ஃபைல்’ என்ற பட்டியல், குழு, நிறுவனம், தட்டு எண் என்று வரிசைப்படுத்தி, அடுத்து வந்த ஆய்வாளர்களுக்குத் தரையிட்டுக் கொடுத்தது. இத்தகைய பட்டியலுக்கு டிஸ்கோகிராஃபி என்று பெயர். 1936இல் பாரிஸில் ஷார்ல் தெலோனே ஜாஸ் தட்டுகளுக்காக வெளியிட்ட நூல் இவ்வகைப் பட்டியலின் முன்னோடிகளுள் ஒன்று.

ஆனால் நினைவு மட்டும் போதுமா? போதாது. ஐம்பது ஆண்டு கழித்துச் சொல்லும் மனிதர் 1953ஐ 1951 என்பார். இடையில் வந்து சேர்ந்தவரை முதல்நாள் முதலே இருந்தவர் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. நினைவின் இயல்பு அது. தட்டின் எண்ணையும், இதழின் தேதியையும், முதியவரின் சொல்லையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்து, மூன்றும் பொருந்தும் இடத்தில் மட்டுமே ஆய்வாளர் காலூன்றவேண்டும்.

உரசிப் பார்க்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு லார்க்ஸ் குழுவைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. வட கரோலினாவிலிருந்து தெர்மன் ரூத் என்ற பாடகரின் தலைமையில் நியூயார்க் வந்த ஒரு குழு, 1950 அக்டோபரில் ஒரே நாளில் நான்கு நிறுவனங்களுக்குச் சென்று 17 பாடல்களைப் பதிவுசெய்தது. ஜூபிலி நிறுவனத்துக்கு சீலா ஜூபிலி சிங்கர்ஸ். ரீகல் நிறுவனத்துக்கு ஜூபிலேட்டர்ஸ். சவாய் நிறுவனத்துக்கு ஃபோர் பேரன்ஸ். அப்பல்லோ நிறுவனத்துக்கு சதர்ன் ஹார்மனேர்ஸ். தொண்டை ஒன்று, பெயர் நான்கு. லேபிளை மட்டும் நம்பிய பட்டியல்காரர் நான்கு குழுக்களை எழுதிவைப்பார். மறுபுறம் பாருங்கள்: இதே குழு அப்பல்லோவில் லார்க்ஸ் என்ற பெயரில் புகழ்பெற்றது, 1964இல் லாஸ் ஏஞ்சல்ஸில் டான் ஜூலியன் தலைமையில் ‘த ஜெர்க்’ என்ற பாட்டோடு வந்த லார்க்ஸ் முற்றிலும் வேறு. ஒரே குழுவுக்குப் பல பெயர்; ஒரே பெயருக்குப் பல குழு. இந்த முடிச்சை அவிழ்க்கத் தேதிகளோடு காதும் வேண்டும். ஒருவர் மூச்சை எந்தச் சொல்லில் இழுக்கிறார், உச்சக் குரலிலிருந்து எப்படி இறங்குகிறார் என்று நூறு முறை கேட்டுப் பழகிய காதுதான், இது அவரே என்று சொல்லத் துணியும்.

இனி, இத்துறையில் பேரிடம் பெற்ற ஒரு தட்டைப் பற்றி. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஜமைக்கா என்ற வட்டாரத்தைச் சேர்ந்த இளைஞர்கள், ஃபைவ் ஷார்ப்ஸ் என்ற பெயரில், 1933இல் ஹெரால்டு ஆர்லெனும் டெட் கோலரும் இயற்றிய ‘ஸ்டார்மி வெதர்’ என்ற பாட்டை 1952இல் ஜூபிலி நிறுவனத்துக்காகப் பாடினார்கள். தட்டின் எண் 5104. பாட்டின் பின்னணியில் மழையும் இடியும் சேர்க்கப்பட்டன. தட்டு விற்கவில்லை, ஊரும் மறந்தது. 1960களின் தொடக்கத்தில், டைம்ஸ் சதுக்கத்தின் சுரங்கப்பாதைக் கடைவரிசையில் பழைய குரல்குழுத் தட்டுகளை விற்ற இர்விங் ரோஸின் கடைக்கு அதன் படி ஒன்று வந்தது. வந்த இடத்தில் உடைந்துபோனது. வேறு படி கொண்டுவருவோருக்குக் கடை பரிசு அறிவித்தது. ஒருவரும் கொண்டுவரவில்லை. ஜூபிலி நிறுவனத்திடம் மூலப்பதிவும் இல்லை. தேவை இருப்பதைக் கண்ட அந்த நிறுவனம் 1964இல் என்ன செய்தது? வேறொரு குழுவை அழைத்து, அதே பாட்டைப் பாடவைத்து, ஃபைவ் ஷார்ப்ஸ் என்ற அதே பெயரில் வெளியிட்டது! பின்னர் விரிசல் விட்ட ஒரு படி கண்டெடுக்கப்பட்டு, 1970களின் தொடக்கத்தில் பிம் பாம் பூம் என்ற சேகரிப்பாளர் இதழ் அதிலிருந்து மறுஅச்சு வெளியிட்டபோதுதான், பலர் முதன்முறையாக அந்தக் குரலைக் கேட்டார்கள். கண்டறியப்பட்ட படிகளை இன்றும் ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். விலையோ ஆயிரக்கணக்கான டாலர்.

விலையைப் பற்றிய பேச்சு எப்போதும் உரக்க ஒலிக்கிறது. ஆயினும் அந்தக் குழுவில் பாடிய கிளாரன்ஸ் பாசெட், பிறகு ஷெப் அண்டு த லைம்லைட்ஸ் என்ற மூவருள் ஒருவராகி, 1961இல் ‘டாடீஸ் ஹோம்’ என்ற பாட்டால் நாடறிந்த குரலானார் என்ற இணைப்பைக் கண்டறிந்ததே, ஏலத் தொகையைக் காட்டிலும் மேலான கண்டுபிடிப்பு என்று கொள்ளவேண்டும்.

பாடியவர் யார் என்ற கேள்விக்குப் பணமதிப்பும் சட்டமதிப்பும் உண்டு என்பதை மறந்துவிடலாகாது. மூன்கிளோஸ் குழு 1954இல் பாடிய ‘சின்சியர்லி’ பாட்டின் இயற்றியோராகக் குழுவின் ஹார்வி ஃபுக்வாவோடு, தட்டை ஒலிபரப்பிய வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃபிரீடின் பெயரும் இடம்பெற்றது. 1956இல் டீனேஜர்ஸ் குழு பாடிய ‘வை டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்’ பாட்டின் உரிமை, பிற்காலத்தில் முதன்மைப் பாடகர் ஃபிராங்கி லைமனின் பெயரிலும் நிறுவன உரிமையாளர் மோரிஸ் லெவியின் பெயரிலும் இருந்தது. பாட்டை உருவாக்கியவர்கள் தாங்களே என்று குழுவின் ஹெர்மன் சாந்தியாகோவும் ஜிம்மி மெர்ச்சண்டும் வழக்காடினார்கள்; 1992இல் நீதிமன்றத்தில் வென்றார்கள்; 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்கைக் காலக்கெடுவுக்குள் தொடரவில்லை என்று சொல்லி அந்தத் தீர்ப்பை மாற்றியது. எழுதியவர் யார் என்ற உண்மையை அது மறுக்கவில்லை. கேட்கும் காலம் கடந்துவிட்டது என்றுதான் சொன்னது. பெயர் உரிய காலத்தில் உரிய இடத்தில் எழுதப்படாமல் போவது எத்தகைய இழப்பு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இறுதியாக ஒரு தட்டு. 1953 ஜூன் முதல் நாள், டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் சிறையிலிருந்து ஐந்து கைதிகள் காவலோடு மெம்ஃபிஸ் நகருக்கு அழைத்துவரப்பட்டு, சாம் பிலிப்ஸ் நடத்திய சன் நிறுவனத்தின் பதிவுக்கூடத்தில் ‘ஜஸ்ட் வாக்கிங் இன் த ரெயின்’ என்ற பாட்டைப் பாடினார்கள். அதை இயற்றியவர்கள் குழுவின் முதன்மைப் பாடகரும், அதே சிறையில் இருந்த ராபர்ட் ரைலியும். குழுவின் பெயர் பிரிசனேர்ஸ். தட்டின் எண் 186. அவர்கள் டென்னசி மாநிலச் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் என்ற செய்தியையும் லேபிளிலேயே அச்சிட்டார்கள். 1956இல் ஜானி ரே அதே பாட்டைப் பாடிப் பெரும்புகழ் பெற்றார். கைதிகள் பாடுவது புதுமை என்பதால் மெம்ஃபிஸ் செய்தித்தாள் அந்தப் பதிவைப் பற்றி விரிவாக எழுதியது. அதே ஆண்டுகளில் ஹார்லெமிலும் பால்டிமோரிலும் யார் தடையுமின்றித் தெருமுனையில் நின்று பாடிய எத்தனையோ இளைஞர்களை எழுதிவைக்க ஒரு தாள் இல்லை. சிறைக்குள் இருந்த இந்த ஐவரின் பெயர்கள் மட்டும் ஒன்றுவிடாமல் கிடைக்கின்றன: ஜானி பிராக், ஜான் ட்ரூ, மார்செல் சாண்டர்ஸ், வில்லியம் ஸ்டூவர்ட், எட் தர்மன்.